நோட்புக்கில் நட்சத்திரம் மறையாதபோது

மேல்நிலைக் கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று நிரலாக்கம் வந்துவிடுகிறது. அதற்கு முன்பாகவே, ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே, பிள்ளைகள் தாய்மொழியில் நான்கு வரி நிரல் எழுதிப் பழகட்டும் என்று நானும் பக்கத்துப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து ஒரு சிறு மொழி செய்தோம். அதில் நகர், திரும்பு, கோடு, சொல், கேள், மீண்டும் என்று பத்துச் சொற்களே உண்டு. 1967-இல் சீமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழிதான் முன்மாதிரி. தமிழில் முழு அளவிலான நிரல்மொழி வேண்டுவோருக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் இருக்கிறது. எங்களுடையது அதற்கு முந்தைய படிக்கட்டு, அவ்வளவுதான்.

இந்த மொழியை ஜூபிட்டர் நோட்புக்கில் ஓட்டுகிறோம். ஹைடெக் லேபில் இணையம் இல்லாத நாளிலும் அது ஓடும். எழுதியதும் அதன் விடையும் ஒரே பக்கத்தில் நிற்கும். அடுத்த வாரம் திறந்தாலும் அப்படியே இருக்கும். பல பள்ளிகளில் ஆசிரியர்கள் இதே முறையை முயன்றுபார்க்கிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. "கெர்னல் வேலை செய்யவில்லை டீச்சர், மறுபடி இன்ஸ்டால் பண்ணட்டுமா?" மறுபடி நிறுவுவதை நான் கடைசிக்குத் தள்ளுகிறேன். காரணம் தெரியாமலே கோளாறு மறைந்தால், அடுத்த மாதம் அது வகுப்பு நடுவில் திரும்பி வரும்.

முதலில் கெர்னல் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. தொடக்கப்பள்ளி நண்பர்களும் படிப்பதால் பள்ளிக்கூடத்து உதாரணமே சொல்கிறேன். நாம் திரையில் பார்க்கும் நோட்புக் வெறும் தாள். கணக்குப் போடுபவர் பக்கத்து அறையில் இருக்கிறார், அவர்தான் கெர்னல். நடுவே சீட்டு கொண்டுபோய்க் கொண்டுவரும் உதவியாளர்தான் ஜூபிட்டர் சர்வர். பக்கத்து அறையில் பைத்தான் தெரிந்தவர் உட்கார்ந்தால் பைத்தான், ஆர் மொழி தெரிந்தவர் உட்கார்ந்தால் ஆர். ஜூபிட்டர் என்ற பெயரே ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளையும் நினைவூட்டத்தான். நம் மொழியை அங்கே உட்கார வைக்க அதிகம் எழுத வேண்டியதில்லை. ஐபைகெர்னல் தொகுப்பு சீட்டுப் போக்குவரத்து முழுவதையும் பார்த்துக்கொள்ளும். டூ எக்சிக்யூட் என்ற ஒரு செயற்கூற்றை நாம் எழுதினால் போதும். எங்கள் கெர்னல் அறுபது வரிகூட இல்லை. நாங்கள் எழுதிய மொழிபெயர்ப்பி தனி நிரலாக ஓடுகிறது, கெர்னல் அதனிடம் கட்டளையைக் கொடுத்து விடையை வாங்கி நோட்புக்குக்கு அனுப்புகிறது.

அழைப்பு வந்ததும் நான் கேட்பது ஒன்றே: சீட்டு எந்த இடத்தில் நின்றது?

மெனுவில் மொழியின் பெயரே இல்லையா? அப்படியானால் சீட்டு கிளம்பவே இல்லை. டெர்மினலில் ஜூபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். கணினிக்குத் தெரிந்த கெர்னல்களும் அவை இருக்கும் கோப்புறைகளும் வரிசையாக வரும். நம் லேப்களில் இங்கே அடிக்கடி நேர்வது ஒன்று உண்டு. ஆசிரியர் தம் லாகினில் நிறுவியிருப்பார். யூசர் என்ற விருப்பத்தோடு நிறுவினால் அது அவருடைய சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் போய் உட்காரும். மாணவர் லாகினில் திறந்தால் காணாது. அந்த விருப்பம் இல்லாமல், நிர்வாகி உரிமையோடு நிறுவினால் எல்லா லாகினுக்கும் பொதுவான இடத்தில் சேரும்.

இன்னொன்று தமிழ் ஆர்வத்தால் வருவது. கெர்னலின் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தால் நிறுவும் கட்டளை ஏற்க மறுக்கும். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு இவை மட்டுமே அங்கே செல்லும். வருத்தப்பட வேண்டாம். கோப்புறைக்குள் இருக்கும் கெர்னல்.ஜேசன் என்ற கோப்பில் டிஸ்பிளே நேம் என்றொரு வரி உண்டு. அங்கே தாராளமாகத் தமிழில் எழுதலாம், மெனுவில் பிள்ளைகள் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

பெயர் இருக்கிறது, ஆனால் திறந்ததும் கெர்னல் நின்றுவிட்டது, மீண்டும் தொடங்குகிறது என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறதா? நோட்புக்கை மூடிவிட்டு, ஜூபிட்டரைத் தொடங்கிய கறுப்புத் திரையைப் பாருங்கள். பலர் அந்தத் திரையைச் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளிவிடுகிறார்கள். காரணம் முழுவதும் அங்கேதான் எழுதியிருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயரில் தொகுப்பு இல்லை என்ற ஒற்றை வரியாக இருக்கும். "நேற்றுத்தானே நிறுவினேன்" என்பீர்கள். நிறுவியது ஒரு பைத்தானில், ஓடுவது இன்னொரு பைத்தானில். கெர்னல்.ஜேசனில் ஆர்க்வி என்ற வரியில் தொடங்கும் கட்டளை இருக்கிறது. அதன் முதல் சொல் வெறுமனே பைத்தான் என்றிருந்தால், ஜூபிட்டர் தான் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். நம் தொகுப்பு வேறு பைத்தானில் இருந்தால் அந்தப் பைத்தானின் முழு முகவரியையும் அங்கே எழுதிவிட வேண்டும்.

இதைச் சரிபார்க்க நோட்புக்கே வேண்டாம். ஆர்க்வியில் உள்ள கட்டளையை, இணைப்புக் கோப்பு பற்றிய கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, டெர்மினலில் நேராகத் தட்டுங்கள். கெர்னல் நலமாக இருந்தால், என்னோடு இணைய இந்தக் கோப்பைப் பயன்படுத்துக என்று ஒரு செய்தி சொல்லிவிட்டுக் காத்திருக்கும். இல்லையென்றால் அங்கேயே விழும், ஏன் விழுந்தது என்றும் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. நடுவில் இருக்கும் எல்லாரையும் விலக்கிவிட்டுப் பக்கத்து அறைக் கதவை நாமே தட்டிப் பார்ப்பது போன்றது.

மூன்றாவது வகைதான் வகுப்பைக் கெடுப்பது. கெர்னல் ஓடுகிறது, கட்டளையும் போகிறது, ஆனால் கட்டத்தின் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறி எண்ணாக மாறவே இல்லை. பிள்ளைகள் திரும்பத் திரும்ப இயக்குவார்கள். நட்சத்திரங்கள் கூடிக்கொண்டே போகும். சீட்டு பக்கத்து அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் திரும்பவில்லை என்று பொருள்.

டூ எக்சிக்யூட் செயற்கூறு வேலை முடிந்ததும், ஓகே என்ற நிலையையும் எத்தனையாவது கட்டளை என்ற எண்ணையும் சேர்த்து ஒரு தொகுதியாகத் திருப்பித் தர வேண்டும். அது திரும்பாவிட்டாலோ, செயற்கூறு நடுவிலேயே முறிந்தாலோ நட்சத்திரம் நிற்கும். கறுப்புத் திரையில் அதற்கான குறிப்பு இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் மொழிபெயர்ப்பி எதற்கோ காத்திருக்கிறது. எங்கள் மொழியில் அது கேள் என்ற கட்டளை. "உன் பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டு விசைப்பலகையை எதிர்பார்க்கிறது. ஆனால் பக்கத்து அறையில் விசைப்பலகை இல்லை! கேள்வியும் ஒரு சீட்டாகவே நோட்புக்குக்குப் போக வேண்டும். இதற்கென்றே ஐபைகெர்னலில் ரா இன்புட் என்ற செயற்கூறு உண்டு. அதை அழைத்தால் கட்டத்தின் கீழ் ஒரு பெட்டி திறக்கும். எங்கள் மொழிபெயர்ப்பி கேள் வந்ததும் ஒரு தனி அடையாள வரியை அனுப்புகிறது. கெர்னல் அதைக் கண்டதும் ரா இன்புட்டை அழைத்து, கிடைத்த விடையை உள்ளே கொடுக்கிறது.

விடை வருகிறது, ஆனால் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது என்றால் அது வேறு. ஒரு நிரல் திரைக்கு எழுதாமல் இன்னொரு நிரலுக்கு எழுதும்போது வரிவரியாக அனுப்பாது, மூட்டை சேர்த்தே அனுப்பும். கெர்னல்.ஜேசனில் சூழல் மாறிகளுக்கான பகுதியில் பைத்தான்அன்பஃபர்டு என்பதற்கு 1 என்று கொடுத்தால் உடனுக்குடன் வரும்.

விண்டோஸ் கணினிகளில் மட்டும், தமிழ் விடை வரும் இடத்தில் குறியீட்டுப் பிழை வரலாம். அதே நிரல் டெர்மினலில் ஒழுங்காக ஓடியிருக்கும். டெர்மினலுக்கு எழுதும்போது யூனிகோடிலும், இன்னொரு நிரலுக்கு எழுதும்போது பழைய மேலைநாட்டு எழுத்துத் தொகுப்பிலும் பைத்தான் எழுதுவதே காரணம். அந்தத் தொகுப்பில் தமிழுக்கு இடமில்லை. அதே சூழல் பகுதியில் பைத்தான்யூடிஎஃப்8 என்பதற்கும் 1 கொடுங்கள்.

அதற்குப் பிறகும் நீண்ட விடைகளில் மட்டும் எங்கோ ஓரிடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் தெரிகிறதா? யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். விடையை இத்தனை பைட் என்று துண்டு போட்டுப் படித்தால் ஒரு குறியின் நடுவே வெட்டு விழும். வரி வரியாகப் படித்தால் போய்விடும்.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்துபவை. நான்காவது வகை தமிழுக்கே உரியது. எல்லாம் ஓடுகிறது, பதிலும் வருகிறது, ஆனால் தவறான பதில். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற மூன்றிலும் பழி இயந்திரத்தின் மேல் விழும். இதில் பிள்ளையின் மேல் விழும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துப்பிழை

எட்டாம் வகுப்பு வகுப்பறையில் ஒரு நாள் எல்லாருக்கும் ஒரே பயிற்சி: கோடு 50, திரும்பு 90, இதை நான்கு முறை செய்து சதுரம் வரைவது. சிலருக்குச் சதுரம் வந்தது. சிலருக்கு "தெரியாத சொல்: கோடு" என்று வந்தது. பிழை வந்த ஒரு மாணவி பக்கத்துத் திரையையும் தன் திரையையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் வராது டீச்சர்" என்றாள். அவள் எழுதியதில் என் கண்ணுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

பிழை வந்தவர்கள் அனைவரும் பயிற்சித்தாளின் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்கள். சதுரம் வந்தவர்கள் தாங்களே தட்டச்சு செய்தவர்கள். அந்தப் பயிற்சித்தாள் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, மாற்றியின் வழியாக யூனிகோடுக்கு வந்தது. நம் பள்ளிகளில் வினாத்தாள், சுற்றறிக்கை என்று இப்படி வந்தவை ஏராளம்.

பைத்தானில் லென் என்ற செயற்கூறு ஒரு சொல்லில் எத்தனை குறிகள் என்று எண்ணும். ஆர்ட் என்ற செயற்கூறு ஒரு குறியின் யூனிகோடு எண்ணைச் சொல்லும். பிள்ளைகள் முன்னிலையிலேயே இரண்டு கோடுகளையும் எண்ணிப் பார்த்தோம். தட்டச்சு செய்த கோடு 4 குறிகள்: 2965, 3019, 2975, 3009. ஒட்டிய கோடு 5 குறிகள்: 2965, 3015, 3006, 2975, 3009. முதலாவதில் ஓகாரக் குறி ஒரே துண்டு. இரண்டாவதில் அதே ஓகாரம் இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறிகளின் எண்களை ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒகரம், ஓகாரம் வரும் எல்லாச் சொற்களுக்கும் இது நேரும். எங்கள் கட்டளைகளில் சொல் என்பதும் அதே சிக்கலில் இருந்தது.

தீர்வு ஒரே வரி. யூனிகோடு இந்த இரண்டு வடிவங்களையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி என்ற வடிவத்தோடு அழைத்தால் எல்லாம் ஒற்றைத் துண்டு வடிவத்துக்கு வந்துவிடும். கட்டளை மொழிபெயர்ப்பிக்குப் போகும் முன்பு, டூ எக்சிக்யூட்டின் முதல் வரியாக அதை வைத்தோம். அந்த மாணவி தன் கட்டத்தில் எதையும் மாற்றாமல் மறுபடி இயக்கினாள். சதுரம் வந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் நகர் என்ற கட்டளை இதே போல அடம் பிடித்தது. இதை வாசிக்கும் உங்களுக்கும் பழக்கமானதுதான்: அலுவலகக் கடிதங்களில் ஆசிரியர் என்பது ஆசிரியா் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்கால் போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்தது. பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது, ஏனென்றால் இது உண்மையிலேயே வேறு எழுத்து. ஆகவே என்எஃப்சி இங்கே உதவாது. ஆனால் தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரும் இடம் எதுவுமே இல்லை. 3006-ஐத் தொடர்ந்து 3021 வந்தால் அந்த 3006-ஐ 2992 ஆக மாற்றிவிடு என்று தயங்காமல் விதி எழுதலாம். எழுதிவிட்டோம்.

கௌ என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டுவது இன்னொரு வகை. இதற்குக் கண்மூடித்தனமாக விதி எழுதக்கூடாது. தெள்ளிய, வெள்ளம் போன்ற சொற்களில் எகரத்துக்குப் பின் ளகரம் முறையாகவே வரும். எங்கள் பத்துச் சொற்களில் ஔகாரம் எதிலும் இல்லாததால் அதைத் தொடவில்லை. உங்கள் கட்டளைச் சொற்களில் ஔகாரம் வேண்டாம் என்றே சொல்வேன். நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் அகலமில்லாத குறி ஒன்றும் உண்டு, எண் 8204. அதையும் நீக்கிவிடுங்கள், எங்கள் மொழியில் அதற்கு வேலையில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தமிழாசிரியை அந்த எண்களைத் தம் இலக்கண வகுப்புக்கு எடுத்துப் போனார். கோடு என்பதில் எத்தனை எழுத்து? பிள்ளைகள் இரண்டு என்பார்கள், அதுவே சரி. கணினி நான்கு என்கிறது. இலக்கணப்படி க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது. யூனிகோடில் தலைகீழ்: க முதலில் இருக்கிறது, அதோடு புள்ளி சேர்ந்து க் ஆகிறது. ஆகையால் தமிழ் என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு 5 குறி. எழுத்தின் ஒலியை இலக்கணம் எண்ணுகிறது, யூனிகோடு குறிகளைக் கணினி எண்ணுகிறது என்று அவர் விளக்கினார். உயிர்மெய் பற்றி அவ்வளவு கேள்விகள் அந்த வகுப்பில் அதற்கு முன் வந்ததில்லை என்றார். நான்காம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள்கூடக் கணினி இல்லாமலே, சொற்களை வெட்டிய அட்டைத் துண்டுகளாகக் கொடுத்து இந்த விளையாட்டை நடத்தலாம்.

பிழைச்செய்தியையும் மாற்றி எழுதினோம். "தெரியாத சொல்" என்று மட்டும் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தீர்ப்பாகக் கேட்கிறது. இப்போது அந்தச் சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணோடு கீழே காட்டுகிறோம். மொழிக்குத் தெரிந்த சொற்களில் அதற்கு மிக நெருங்கியது எது என்பதையும் அதன் குறிகளோடு பக்கத்தில் வைக்கிறோம். எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

உங்கள் பள்ளியில் இப்படி ஒரு கெர்னலை அமைக்கப்போகிறீர்கள் என்றால், முதல் வகுப்புக்கு முந்தைய நாள் மாணவர் லாகினில் நுழைந்து மூன்று கட்டங்களை இயக்கிப் பாருங்கள். ஒன்றில் நீண்ட தமிழ் விடை தரும் கட்டளை, ஒன்றில் கேள், ஒன்றில் பழைய சுற்றறிக்கை ஏதாவதிலிருந்து நகலெடுத்து ஒட்டிய ஒரு சொல். மூன்றாவது கட்டத்துக்கு ஏற்ற சொல் கிடைக்காமல் நீங்கள் தேடி அலைய வேண்டியிருக்காது. லேப் வருகைப் பதிவேட்டின் கோப்பைத் திறந்தாலே மாணவா் என்று தலைப்பிலேயே இருக்கும்.